புதிதாக அசெம்பிள் செய்த கம்ப்யூட்டரில் பிராசசர் கொதிக்கிறதா? அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

புது சிஸ்டம் போட்டவர்கள் பதறிப்போய்க் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "95 டிகிரி காட்டுகிறதே, வேறு கூலர் வாங்கணுமா?" பெரும்பாலும் வேண்டாம். 95 என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் எதையும் சொல்ல முடியாது. அந்தச் சூடு எவ்வளவு வேகமாக ஏறியது, அப்போது பிராசசர் எத்தனை வாட் இழுத்துக்கொண்டிருந்தது, கூலரின் ஹீட்சிங்க்கை (சூட்டை வாங்கிக் காற்றில் விடும் உலோகப் பகுதி) தொட்டால் சுடுகிறதா இல்லையா என்ற மூன்றும் தெரிந்தால் போதும். ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முன்பே கோளாறு எந்தப் பக்கம் என்று ஊகித்துவிடலாம்.

முதலில் நாலு எண்கள்

எச்டபிள்யூ இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை நிறுவி, சென்சார் பக்கத்தை மட்டும் திறந்து வையுங்கள். வரிவரியாக என்னென்னவோ ஓடும். நமக்கு வேண்டியது நாலுதான். பிராசசரின் வெப்பநிலை, அது இழுக்கும் வாட், சிபியு ஃபேனின் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று), அப்புறம் 'தெர்மல் த்ராட்லிங்' (சூட்டால் வேகத்தைக் குறைத்துக்கொள்வது) என்ற வரியில் ஆம் என்று வருகிறதா என்பது. வாட் கணக்கு இன்டெலில் 'சிபியு பேக்கேஜ் பவர்' என்றும் ரைசனில் 'சிபியு பிபிடி' என்றும் இருக்கும்.

வேலை கொடுத்துப் பார்க்க சினிபெஞ்ச் ஆர்23 போதும். அதில் எல்லாக் கோர்களுக்குமான சோதனையைப் பத்து நிமிடம் ஓட விடுங்கள். பிரைம்95இன் கடுமையான சோதனையை ஓட்டச் சொல்லிப் பலர் அறிவுரை கொடுப்பார்கள். அது நம் அன்றாட வேலை எதுவும் கிளப்பாத சூட்டைக் கிளப்பும்; அதில் வரும் எண்ணைப் பார்த்துப் பயந்து என்ன பயன்?

அறையின் வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள். இதை யாரும் செய்வதில்லை. கூலர் எதுவாக இருந்தாலும் அறைக்காற்றைவிடக் குளிராக்க அதனால் முடியாது. யூடியூபில் கூலரைச் சோதிப்பவர்கள் பெரும்பாலும் 20 முதல் 25 டிகிரி அறையில் உட்கார்ந்து சோதிக்கிறார்கள். சென்னையில் மே மாத மத்தியானம், ஏசி இல்லாத அறை 37, 38 டிகிரி இருக்கும். அவர்களுக்கு 72 வந்தால் உங்களுக்கு 86 வருவது கோளாறே இல்லை.

சூட்டின் எல்லை எது என்பது பிராசசரைப் பொறுத்தது. ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவற்றுக்கு 95 டிகிரி, 7800எக்ஸ்3டிக்கு 89, முந்தைய தலைமுறை 5800எக்ஸுக்கு 90. இன்டெல் 12, 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்களுக்குப் பொதுவாக 100. கோர் அல்ட்ரா 9 285கே 105 வரை போகும். எல்லையைத் தொட்டதும் பிராசசர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதையும் மீறி ஏறினால் சிஸ்டம் அணைந்துவிடும். ஒரு முறை 100ஐத் தொட்டுவிட்டது என்பதற்காகப் பிராசசர் போய்விடாது. ஆனால் தினமும் எல்லையில் உட்கார்ந்திருந்தால் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய வேகம் உங்களுக்குக் கிடைக்கவில்லை என்று அர்த்தம்.

ஆன் செய்து ஓரிரு நிமிடத்தில் அணைகிறது, அல்லது பயாஸிலேயே 80ஐத் தாண்டுகிறது

திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்க்காதீர்கள். முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள்: பவர் பட்டனை அழுத்திய ஒரே விநாடியில் அணைந்தால் அது சூடு கிடையாது. கூலரே இல்லாவிட்டாலும் பிராசசர் அவ்வளவு சீக்கிரம் எல்லைக்குப் போகாது. மதர்போர்டு கேபினெட்டில் எங்கோ உரசி ஷார்ட் ஆகிறது, அல்லது பவர் சப்ளை இணைப்பில் தவறு. அதைத் தனியாகப் பாருங்கள்.

சில விநாடி ஓடி, ஃபேன் சுற்றி, அப்புறம் அணைந்தால்தான் சூட்டைச் சந்தேகிக்க வேண்டும். பயாஸுக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன்பே திறக்கக்கூடிய மதர்போர்டின் அமைப்புத் திரை) போய் வெப்பநிலையைப் பாருங்கள். பயாஸில் மின்சாரத்தை மிச்சப்படுத்தும் வசதிகள் பெரும்பாலும் வேலை செய்யாது. அதனால் விண்டோஸில் சும்மா இருக்கும்போது காட்டுவதைவிட இங்கே கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். 45, 55 என்றால் பரவாயில்லை. கண்ணெதிரே 60, 70, 80 என்று ஏறிக்கொண்டே போனால் அணைத்துவிட்டு இரண்டு விஷயங்களைப் பாருங்கள்.

ஒன்று, கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் உறை. பிராசசர்மேல் உட்காரும் செம்புத் தகட்டில் கீறல் விழாமல் இருக்க ஒட்டி அனுப்புவார்கள். நிறமே இல்லாத உறையாக இருந்தால் டியூப் லைட் வெளிச்சத்தில் கண்ணுக்கே படாது. அதை உரிக்காமல் பேஸ்ட் (பிராசசரின் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் பசை) போட்டு மாட்டியவர்கள் நிறையப் பேர். சிரிக்க வேண்டாம், கடைக்காரர்கள் அசெம்பிள் செய்த சிஸ்டத்திலும் நடக்கிறது.

இரண்டு, ஃபேன் ஒயர். அது போர்டில் 'சிபியு ஃபேன்' என்று எழுதிய பின்னில் இருக்க வேண்டும். பக்கத்திலேயே 'சேசிஸ் ஃபேன்' என்று இன்னொன்று இருக்கும், அதில் மாட்டிவிட்டால் பிராசசரின் சூட்டுக்கு ஏற்ப வேகம் கூடாமல் போகலாம். 'சிபியு ஃபேன் எரர்' என்ற அறிவிப்போடு திரை நின்றால் அந்தப் பின்னில் சுழற்சி எதுவும் தெரியவில்லை என்று பொருள். லிக்விட் கூலர் (பம்ப் வைத்துத் திரவத்தைச் சுற்றவிட்டு, சூட்டை ரேடியேட்டரில் கொண்டுபோய் ஆற்றுவது) மாட்டியவர்களுக்கு இது வேறு மாதிரி வரும்: பம்ப் அதற்கென்று இருக்கும் பின்னில் சரியாக ஓடிக்கொண்டிருக்கும், சிபியு ஃபேன் பின் மட்டும் காலியாகக் கிடக்கும். ரேடியேட்டர் ஃபேன்களை அங்கே கொண்டுவந்து மாட்டினால் தீர்ந்தது.

வேலை கொடுத்த இரண்டு மூன்று விநாடியில் எல்லையைத் தொடுகிறது, வாட் மட்டும் குறைவு

புது சிஸ்டங்களில் அதிகம் பார்க்கக் கிடைப்பது இதுதான். உதாரணத்துக்கு ஐ5-12400. சினிபெஞ்ச் தொடங்கியதும் சடாரென்று 98, வாட் 60தான். நிறுத்தியதும் அதே வேகத்தில் கீழே இறங்குகிறது. கேபினெட்டின் பக்கக் கதவைத் திறந்து, ஃபேன் இறக்கையில் விரல் படாமல் ஹீட்சிங்க்கின் ஓரத்தைத் தொட்டுப் பாருங்கள். ஜில்லென்று இருக்கும்! பிராசசர் கொதிக்கிறது, கூலருக்கு அந்தச் சேதியே போகவில்லை. ஃபேன் வேகத்தைக் கூட்டினாலும் கேபினெட்டில் இன்னும் நாலு ஃபேன் மாட்டினாலும் இது சரியாகாது. பிராசசருக்கும் கூலருக்கும் நடுவில் தொடுதல் சரியில்லை.

இன்டெல் பெட்டியோடு வரும் கூலர் என்றால் சந்தேகமே வேண்டாம், அந்தப் பிளாஸ்டிக் கால்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நாலு கறுப்புத் தலைகள், ஒவ்வொன்றின் மேலும் ஓர் அம்புக்குறி. பலரும் அதைப் பூட்டும் திசை என்று நினைத்துத் திருப்புகிறார்கள். அது கழற்றும் திசை. மாட்டும் முன் நாலு தலைகளையும் அம்புக்கு எதிர்ப்பக்கமாகக் கடைசிவரை திருப்பி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு மூலைக்கு மூலை, எதிரெதிராக இரண்டிரண்டாக அழுத்துங்கள். 'டக்' என்று சத்தம் வரும். சத்தத்தை நம்பி விட்டுவிடாமல் போர்டின் பின்பக்கத்தையும் பாருங்கள். ஒவ்வொரு துளை வழியாகவும் வெள்ளைக் கால் இரண்டாகப் பிரிந்து வெளியே நீட்டியிருக்க வேண்டும், அதன் நடுவில் கறுப்பு ஊசி முழுதாக இறங்கியிருக்க வேண்டும். நாலில் ஒன்று பாதியில் நின்றாலும் போதும், கூலர் அந்த மூலையில் தூக்கிக்கொள்ளும். போர்டு கேபினெட்டுக்குள் இருக்கும்போது இதை அழுத்தினால் போர்டே வளையும், பின்பக்கமும் தெரியாது. போர்டை வெளியே எடுத்து மேசைமேல் வைத்து மாட்டுவதுதான் நல்லது. எனக்கு இந்தக் கால்களைக் கண்டாலே பிடிக்காது. ஸ்க்ரூ வைத்த கூலர் வாங்க வசதி இருந்தால் வாங்கிவிடுங்கள் என்பேன்.

பழைய சிஸ்டத்தின் கூலரைப் புதியதில் மாட்டியிருந்தால் துளை அளவைப் பாருங்கள். இன்டெலின் எல்ஜிஏ1200, 115எக்ஸ் சாக்கெட்டுகளில் (போர்டில் பிராசசர் உட்காரும் இடம்) துளைகளுக்கு இடையே 75 மில்லிமீட்டர். 12ஆம் தலைமுறையோடு வந்த எல்ஜிஏ1700இல் 78. சில போர்டுகளில் இரண்டு அளவுக்கும் துளை போட்டுக் கொடுத்திருப்பார்கள், பழைய கூலர் அழகாக உட்கார்ந்துவிடும். ஆனால் எல்ஜிஏ1700இல் பிராசசரின் உயரம் கொஞ்சம் குறைவு, பழைய பிராக்கெட் போதுமான அழுத்தம் கொடுக்காது. கூலர் கம்பெனியிடம் அந்த சாக்கெட்டுக்கான பிராக்கெட்டைக் கேட்டு வாங்குங்கள்.

ஏஎம்டி பக்கம் கதை வேறு. ரைசனோடு வரும் ரெய்த் ஸ்டெல்த் கூலரை நாலு ஸ்பிரிங் ஸ்க்ரூவால் முடுக்க வேண்டும். அதற்கு முன் போர்டில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் தாங்கிகளைக் கழற்றியாக வேண்டும். ஏஎம்4 சாக்கெட் உள்ள போர்டில் அவற்றைக் கழற்றியதும் பின்பக்கத் தகடு தொப்பென்று கீழே விழும். ஒரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள். ஏஎம்5இல் அந்தத் தகடு சாக்கெட்டோடு சேர்ந்தே இருப்பதால் விழாது. ஸ்க்ரூக்களை ஒன்றை முழுதாக முடுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று சுற்று, மூலைக்கு மூலை மாறி மாறி, ஸ்க்ரூ தானாக நிற்கும்வரை.

கூலரைக் கழற்றும்போது ஏஎம்4காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அந்தப் பிராசசரில் 1331 ஊசிகள் அடியிலேயே இருக்கின்றன. பேஸ்ட் இறுகியிருக்கும் நேரத்தில் கூலரை நேராக மேலே இழுத்தால், பிராசசரைப் பிடித்திருக்கும் லிவர் பூட்டியிருந்தாலும் பிராசசர் கூலரோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும், ஊசிகள் வளையும். சிஸ்டத்தை ஐந்து நிமிடம் வேலை செய்ய விட்டுப் பேஸ்ட்டை இளக்கிக்கொண்டு, அணைத்து, ஒயரைப் பிடுங்கிவிட்டு, கூலரை இடம் வலமாக மெல்லத் திருகி, வழுக்கத் தொடங்கியதும் தூக்குங்கள்.

தூக்கியதும் துடைத்துவிடாதீர்கள். பேஸ்ட் எப்படிப் பரவியிருக்கிறது என்று பாருங்கள், பாதிக் கதையை அதுவே சொல்லிவிடும். நடுவில் உலோகம் லேசாகத் தெரியும் அளவுக்கு மெல்லிய படலம், ஓரங்களில் மட்டும் பிதுங்கிய கரை இருந்தால் அழுத்தம் சரி. ஒரு பக்கம் கெட்டியாகவும் எதிர்ப்பக்கம் வழித்துவிட்டது போலவும் இருந்தால் கூலர் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் வைத்த பொட்டு வைத்தபடியே, கொஞ்சம் மட்டும் தட்டையாகி நின்றால் கூலர் கீழே இறங்கவே இல்லை. ஏதோ தடுக்கிறது: உயரமான ரேம், விஆர்எம்மின் (பிராசசருக்கு மின்சாரம் கொடுக்கும் போர்டின் பகுதி) ஹீட்சிங்க், அல்லது தவறான ஸ்பேசர்.

பழைய பேஸ்ட்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைத்த, பஞ்சு உதிராத துணியால் துடைத்தெடுங்கள். ஒரு முறை பிரித்த பேஸ்ட்டின்மேலேயே திரும்பவும் உட்கார வைத்தால் உள்ளே காற்று சிக்கும். சதுரமான ரைசனுக்கு நடுவில் பட்டாணி அளவு போதும். எல்ஜிஏ1700 நீள்சதுரம் என்பதால் நீளவாக்கில் ஒரு கோடோ, குறுக்காக ஓர் எக்ஸோ நன்றாகப் பரவும். கொஞ்சம் கூடிவிட்டால் ஓரமாகப் பிதுங்கும், அவ்வளவுதான். குறைந்தால்தான் வினை.

எல்ஜிஏ1700 சாக்கெட்டின் லிவர் பிராசசரை நடுவில் அழுத்தி லேசாக வளைக்கிறது, கான்டாக்ட் ஃபிரேம் (அந்தப் பிடிக்குப் பதிலாகப் போடும் சட்டம்) வாங்கிப் போடு என்று சொல்வார்கள். வளைவது உண்மைதான், ஃபிரேம் போட்டால் சில டிகிரி குறைவதும் உண்மைதான். ஆனால் அதற்காகச் சாக்கெட்டின் பிடியையே கழற்ற வேண்டும், கை தவறினால் சாக்கெட் ஊசி போச்சு. 98ஐ 75 ஆக்கப்போவது அது இல்லை. மற்றதெல்லாம் முடிந்த பிறகு யோசிக்கலாம்.

முதலில் நன்றாக இருக்கிறது, பத்துப் பதினைந்து நிமிடத்தில் மெல்ல ஏறுகிறது

இப்போது ஹீட்சிங்க்கைத் தொட்டால் சுடும். நல்ல சேதி. சூடு கூலருக்கு வந்து சேர்கிறது, அங்கிருந்து வெளியே போக வழியில்லை. காற்றோட்டத்தின் பிரச்சினை.

கேபினெட்டின் பக்கக் கதவைக் கழற்றிவிட்டு அதே சோதனையை மறுபடி ஓட்டுங்கள். எட்டுப் பத்து டிகிரி குறைந்தால் குற்றவாளி கேபினெட். ஒன்றிரண்டு டிகிரிதான் குறைந்தால் கேபினெட்டை விட்டுவிட்டு, கூலர் ஃபேனின் வேகத்தையும் அந்தப் பிராசசருக்கு அந்தக் கூலர் போதுமா என்பதையும் பாருங்கள்.

கேபினெட்தான் என்றால் ஃபேன்களின் திசையைப் பாருங்கள். ஃபேனின் எந்தப் பக்கத்தில் குறுக்குச் சட்டங்களும் நடுவில் ஸ்டிக்கரும் இருக்கின்றனவோ, அந்தப் பக்கமாகத்தான் காற்று வெளியேறும். முன்பக்கம் உள்ளே இழுக்க வேண்டும், பின்பக்கமும் மேற்புறமும் வெளியே தள்ள வேண்டும். டவர் கூலரின் (கோபுரம்போல நிமிர்ந்து நிற்கும் கூலர்) ஃபேன் பின்பக்கத்தை நோக்கித் தள்ள வேண்டும். திருப்பி மாட்டினால் கூலர் ஃபேனும் பின்பக்க ஃபேனும் எதிரெதிராக இழுத்துக்கொண்டு நிற்கும். மேற்புறத்தில் முன்னால் இருக்கும் ஃபேன் வெளியே தள்ளிக்கொண்டிருந்தால், முன்பக்கத்திலிருந்து வரும் குளிர்ந்த காற்றைக் கூலருக்குப் போகும் முன்பே அது வாரிக்கொண்டு போய்விடும். அந்த ஒன்றைக் கழற்றினாலே குறைவதுண்டு.

சந்தேகம் இருந்தால் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி, சாம்பல் உள்ளே விழாமல் கேபினெட்டின் முன்பக்கத் துளைகள் அருகே பிடியுங்கள். புகை உள்ளே போகிறதா, அப்படியே மேலே போகிறதா என்று தெரிந்துவிடும். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, ஓரத்தில் மட்டும் ஒரு விரல் இடைவெளி விட்ட கேபினெட்டுகளில் புகை தயங்கித் தயங்கித்தான் போகும். கலர் கலராக எல்இடி எரியும் மூன்று ஃபேன் உள்ளே இருந்தும் காற்று வர வழியில்லை. அதற்குப் பதில் வலை வைத்த சாதாரணக் கேபினெட்டே மேல்.

கம்ப்யூட்டர் டேபிளையும் விட்டுவிடாதீர்கள். சிபியு வைக்கவென்று மூன்று பக்கமும் பலகை அடித்த அறை ஒன்று கீழே இருக்குமே, பழைய சிஸ்டம் அதில்தான் இருந்திருக்கும். பின்பக்கப் பலகையில் ஒயர் போக மட்டும் ஒரு ஓட்டை. வெளியே தள்ளிய சூட்டையே சிஸ்டம் மறுபடி இழுக்கும். இருநூறு முந்நூறு வாட் கிராபிக்ஸ் கார்டும் சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். டேபிளுக்கு வெளியே எடுத்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்துப் பாருங்கள்.

சினிபெஞ்சில் நன்றாக இருந்து கேம் ஆடும்போது மட்டும் ஏறுகிறது என்றால் கிராபிக்ஸ் கார்டின் சூடுதான் பிராசசர் கூலருக்குள் போகிறது. மேற்புறத்தில் ரேடியேட்டர் வைத்தவர்களுக்கும் இது நடக்கும். முன்பக்கம் உள்ளே இழுக்கும் ஃபேனைக் கூட்டுவதுதான் வழி.

பயாஸில் ஃபேன் வேகம் 'சைலன்ட்' என்று இருக்கிறதா என்பதையும் பாருங்கள். 80 டிகிரி வந்த பிறகும் ஃபேன் 900 ஆர்பிஎம்மில் சோம்பிக்கொண்டிருந்தால், 70இலேயே முக்கால் வேகம் வருகிற மாதிரி மாற்றிவிடுங்கள்.

லிக்விட் கூலர் போட்டும் கொதிக்கிறது

பம்ப் ஓடுகிறதா என்பதுதான் முதல் கேள்வி. சென்சார் பக்கத்தில் பம்ப்பின் ஆர்பிஎம் பாருங்கள். பல பம்ப்புகள் 2000இலிருந்து 3000 வரை ஓடும். பூஜ்யம் என்றால் ஒயர் மாட்டவில்லை, அல்லது பவர் சப்ளையின் சாட்டா ஒயரிலிருந்து பவர் கொடுக்க மறந்திருக்கிறது. ஏற்ற இறக்கமாக இருந்தால், பம்ப்பின் ஒயர் செருகிய போர்டு பின்னானது, ஃபேன்போலச் சூட்டுக்கு ஏற்ப வேகம் மாறும்படி அமைந்திருக்கிறது. பயாஸில் அதை முழு வேகத்துக்கு மாற்றுங்கள்.

இரண்டு குழாய்களையும் கையால் பிடித்துப் பாருங்கள். வேலை கொடுத்துக் கொஞ்ச நேரம் ஆன பிறகு இரண்டும் ஏறக்குறைய ஒரே வெதுவெதுப்பில் இருந்தால் தண்ணீர் ஓடுகிறது. ஒன்று நன்றாகச் சுட்டு மற்றொன்றும் ரேடியேட்டரும் ஜில்லென்று இருந்தால் ஓட்டம் நின்றிருக்கிறது. பம்ப் செத்ததா, அடைப்பா என்று ஆராய வேண்டாம், வாரன்டியில் கொடுத்துவிடுங்கள். இரண்டு குழாயும் ஜில்லென்றே இருந்து பிராசசர் மட்டும் கொதித்தால், மேலே சொன்ன தொடுதல் பிரச்சினைக்குத் திரும்புங்கள்.

களக் களக் என்று சத்தம் வந்தால் பம்ப்பில் காற்று. இந்தக் கூலர்களுக்குள் கொஞ்சம் காற்று எப்போதும் இருக்கும், அது சுற்றுப்பாதையின் உச்சிக்குப் போய் நிற்கும். பம்ப்பே உச்சியாக இருக்கும்படி ரேடியேட்டரைக் கேபினெட்டின் அடியில் மாட்டினால் காற்று பம்ப்பில் வந்து தேங்கும். ரேடியேட்டரை மேற்புறத்துக்கு மாற்றுங்கள், முன்பக்கம்தான் இடம் என்றால் அதன் மேல்முனை பம்ப்பைவிட உயரமாக இருக்கட்டும்.

எல்லாம் சரி, ஆனால் வாட் எகிறுகிறது

கூலர் நன்றாக உட்கார்ந்திருக்கிறது, காற்றும் போகிறது, சூடு மட்டும் 100. வாட் வரியைப் பாருங்கள். 65 வாட் பிராசசர் என்று வாங்கியது 150 வாட் இழுத்துக்கொண்டிருக்கும்.

பெட்டியில் அச்சடித்த 65 என்பது நீண்ட நேர அளவு. குறுகிய நேரத்துக்கு ஐ5-12400 117 வாட் வரையும் ஐ7-12700 180 வாட் வரையும் போக இன்டெலே அனுமதிக்கிறது. சிக்கல் என்னவென்றால், பல மதர்போர்டுகள் அந்தக் குறுகிய நேரத்தை முடிவில்லாததாக ஆக்கிவிடுகின்றன. எம்எஸ்ஐ போர்டுகளில் எந்தக் கூலர் என்று ஒரு கேள்வி வரும்: பெட்டியோடு வந்ததா, டவரா, வாட்டர் கூலரா? வாட்டர் கூலர் என்று தேர்ந்தெடுத்தால் வாட் எல்லை 4096 என்று மாறும், அதாவது எல்லையே இல்லை. ஆசுஸ் போர்டுகளில் 'மல்டிகோர் என்ஹான்ஸ்மென்ட்' என்ற பெயரில் இதே வேலை நடக்கும்.

பயாஸில் பிஎல்1, பிஎல்2 என்ற இரண்டு எண்களைத் தேடுங்கள். முதலாவது நீண்ட நேர எல்லை, இரண்டாவது குறுகிய நேர எல்லை. பிராசசருக்கு இன்டெல் சொன்ன அளவை அங்கே எழுதினாலே பாதிப் பேருக்குப் பிரச்சினை தீர்ந்துவிடும். ஐ9-14900கே போன்றவற்றுக்கு இன்டெலின் எல்லையே 253 வாட். அதைச் சாதாரண டவர் கூலர் தாங்காது. 253ஐ 180க்குக் குறைத்துப் பாருங்கள்; வாட் குறைந்த அளவுக்கு வேகம் குறையாது, ஏனென்றால் கடைசிக் கொஞ்சம் வேகத்துக்குத்தான் அது அவ்வளவு மின்சாரத்தைக் குடிக்கிறது.

13, 14ஆம் தலைமுறை இன்டெல் வைத்திருப்பவர்கள் வேறு எதைச் செய்யும் முன்பும் பயாஸைப் புதுப்பித்துவிடுங்கள். தேவைக்கு மேல் மின்னழுத்தம் கேட்டு, நாளடைவில் பிராசசர் நிலைகுலையும் கோளாறு அவற்றில் இருந்ததை இன்டெல் 2024இல் ஒப்புக்கொண்டது. அதற்கான மைக்ரோகோடு திருத்தங்கள் அந்த ஆண்டு ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் வந்தன. ஏற்கெனவே கெட்டுப்போன பிராசசரை இந்தப் புதுப்பிப்பு குணமாக்காது, இனிமேல் கெடாமல் காக்கத்தான் இது.

ரைசன் 7000இல் எக்ஸ் எழுத்து உள்ளவை 95 டிகிரி போவதைப் பார்த்துப் பதற வேண்டாம். இடம் இருக்கும்வரை வேகத்தைக் கூட்டிக்கொண்டே போய் 95இல் நிற்கும்படிதான் 2022இல் அவற்றை ஏஎம்டி வெளியிட்டது. 7950எக்ஸ் 230 வாட் இழுத்து 95 காட்டினால் அது தன் வேலையைச் செய்கிறது. ஆனால் எக்ஸ் இல்லாத சாதாரண 7600, 60 வாட்டுக்கே 95 காட்டினால் அது கோளாறு, கூலரைக் கழற்றுங்கள். டிகிரியைவிட வாட்டைப் பாருங்கள் என்று சொல்வது இதற்குத்தான்.

95ஐப் பார்த்துக்கொண்டு தூக்கம் வராதவர்களுக்கு பயாஸில் ஈகோ மோட் இருக்கிறது. 7600எக்ஸை 65 வாட் ஈகோவுக்கு மாற்றினால் அது இழுக்கும் உச்ச அளவு 142 வாட்டிலிருந்து 88க்கு இறங்கும். கேமில் வித்தியாசம் தெரிவது கஷ்டம். இன்னொரு வழி கர்வ் ஆப்டிமைசர், அதாவது பிராசசருக்குப் போகும் மின்னழுத்தத்தைக் குறைக்கும் அமைப்பு. எல்லாக் கோர்களுக்கும் மைனஸ் 10, 15 என்று தொடங்குங்கள். ஒவ்வொரு சிப்பும் ஒவ்வொரு மாதிரி, நண்பரின் மைனஸ் 30 உங்களுக்கு ஒத்துவராது. இதில் தவறினால் கடும் வேலையில் தெரியாது, பிரவுசர் திறந்து சும்மா இருக்கும்போதுதான் சிஸ்டம் ரீஸ்டார்ட் ஆகும். அதனால் சில நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சும்மா இருக்கும்போதே ஃபேன் கூவுகிறது

மவுஸை அசைத்தால் 42இலிருந்து 60, திரும்ப 45. இது எல்லாப் புதுப் பிராசசர்களுக்கும் உள்ள சுபாவம். ஒரு சின்ன வேலைக்கும் ஒரே கோரை உச்ச வேகத்துக்குக் கொண்டுபோய் முடித்துவிட்டு உறங்கப் போகும். பிரச்சினை ஃபேன் அதன் பின்னாலேயே ஓடுவதுதான். பயாஸில் ஃபேன் வேகம் மாறத் தாமதம் கொடுக்கும் அமைப்பு இருக்கும், சில விநாடி கொடுங்கள். 60 டிகிரிவரை ஒரே வேகம் இருக்கும்படி வையுங்கள்.

ஏற்ற இறக்கம் இல்லாமல் 65, 70இலேயே நின்றால் டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். விண்டோஸ் புதிதாகப் போட்டிருந்தால் முதல் நாள் அப்டேட்டும் ஃபைல்களை வரிசைப்படுத்தும் வேலையும் பின்னால் நடந்துகொண்டிருக்கும், விட்டுவிடுங்கள். பவர் பிளானில் குறைந்தபட்ச பிராசசர் நிலை 100 சதவீதம் என்று இருந்தால் குறையுங்கள். கிராக் செய்த மென்பொருள் போட்டவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: டாஸ்க் மேனேஜரைத் திறந்ததும் ஃபேன் அடங்கி, மூடியதும் மறுபடி கூவினால், உங்கள் கரண்ட்டில் யாரோ கிரிப்டோ காசு பார்க்கிறார்கள். விண்டோஸைச் சுத்தமாகத் திரும்பப் போடுவது தவிர வேறு நம்பகமான வழி இல்லை.

பிராசசர் 65 டிகிரிதான், ஆனாலும் திடீரென்று வேகம் விழுகிறது

சூடாவது பிராசசர் அல்ல, அதற்கு மின்சாரம் கொடுக்கும் விஆர்எம். ஹீட்சிங்க் இல்லாத விலை குறைந்த எச்610 போர்டில் ஐ7 மாட்டினால் இப்படி ஆகும். லிக்விட் கூலர் என்றால் இன்னும் மோசம், ஏனென்றால் சாக்கெட்டைச் சுற்றிக் காற்றே வீசாது. விஆர்எம் எல்லையைத் தொட்டதும் போர்டு பிராசசரின் வேகத்தைக் குறைக்கச் சொல்லிவிடும். போர்டில் சென்சார் இருந்தால் 'விஆர்எம் மாஸ்' என்ற வரியில் அதன் சூடு தெரியும். பிஎல்1, பிஎல்2ஐக் குறைப்பதும் அந்தப் பக்கமாக ஒரு ஃபேன் வைப்பதும் தற்காலிகத்துக்கு உதவும். சரியான தீர்வு வேறு போர்டுதான்.

எதுவும் பலிக்கவில்லை

பேஸ்ட் நன்றாகப் பரவியிருக்கிறது, வேறொரு கூலரும் மாட்டிப் பார்த்தாயிற்று, வாட் எல்லைக்குள் இருக்கிறது, அறையும் குளிர்தான், இன்னும் கொதிக்கிறது என்றால் பிராசசரையே சந்தேகிக்கலாம். கோர்களுக்கிடையே பத்து டிகிரிவரை வித்தியாசம் சாதாரணம். ஒரே ஒரு கோர் மட்டும் மற்றவற்றைவிட இருபது, இருபத்தைந்து டிகிரி கூடுதலாகவே எப்போதும் நின்றால் அது வாரன்டியில் கேட்க வேண்டிய விஷயம்.

இன்டெலின் பெட்டிப் பிராசசர்களுக்குப் பொதுவாக மூன்று ஆண்டு வாரன்டி. முன்பு சொன்ன மின்னழுத்தக் கோளாறுக்காக 13, 14ஆம் தலைமுறையில் பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு இன்னும் இரண்டு ஆண்டு கூட்டினார்கள். பெட்டி இல்லாமல் ட்ரேயில் வந்த பிராசசர் என்றால் விற்ற கடைக்காரரைத்தான் பிடிக்க வேண்டும். எங்கே போனாலும் பில், பெட்டியில் இருக்கும் சீரியல் நம்பர், சினிபெஞ்ச் பத்து நிமிடம் ஓடியபோது எடுத்த சென்சார் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் கொண்டுபோங்கள். அந்த ஸ்கிரீன்ஷாட்டில் டிகிரியும் வாட்டும் ஃபேன் ஆர்பிஎம்மும் சேர்ந்து தெரியட்டும். அது இல்லாவிட்டால் "பேஸ்ட் மாத்திப் பாருங்க சார்" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள்.